முதலாளி ஓய்வூதியப் பங்களிப்பைச் செலுத்தாதபோது: நெல்லைப் பீடித் தொழிலாளர்

இந்தியாவில் தனியார் நிறுவன ஊழியருக்குரிய ஓய்வூதியம், ஊழியர் வருங்கால வைப்பு நிதியுடன் இணைந்த திட்டமாகும். வேலை கொடுப்பவர் மாதந்தோறும் தம் பங்கைச் செலுத்தினால்தான் தொழிலாளியின் கணக்கில் பணிக்காலம் பதிவாகும். அவர் செலுத்தாமல் விட்டால் தொழிலாளி செய்ய வேண்டியவை எவை என்பதை, திருநெல்வேலி, தென்காசி மாவட்டப் பீடித் தொழிலாளரை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

பீடித் தொழிலும் சட்டமும்

தாமிரபரணி பாயும் ஊர்களிலும் அவற்றை அடுத்த வானம் பார்த்த பூமியிலும் பீடி சுற்றுவது பெண்களின் முக்கிய வருவாய். மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம், கடையம் முதலிய ஊர்கள் இதற்குப் பெயர் பெற்றவை. பெண்கள் பீடிக்கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, வீட்டில் சுற்றிக் கட்டி, மறுபடியும் கடையில் கொடுக்கிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி கணக்கிடப்படுகிறது. நிறுவனத்திற்கும் பெண்ணுக்கும் இடையில் பெரும்பாலும் ஒரு ஒப்பந்தக்காரர் இருப்பார்.

ஊழியர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952இல் இயற்றப்பட்டது. 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு அது பொருந்தியது. 1977இல் பீடித் தொழிலும் அதன்கீழ்க் கொண்டுவரப்பட்டது. வீட்டில் இருந்து சுற்றுபவர்கள் தங்கள் ஊழியர் அல்லர் என்று உற்பத்தியாளர்கள் வாதிட்டனர். பி.எம். பட்டேல் அண்ட் சன்ஸ் வழக்கில் 1985இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வீட்டில் பீடி சுற்றுபவரும், ஒப்பந்தக்காரர் மூலம் வேலை பெறுபவரும் இச்சட்டப்படி ஊழியரே என்று உறுதி செய்தது. ஆகவே "வீட்டு வேலைதானே, இதற்கு பி.எஃப். கிடையாது" என்று இன்று யாரும் சொன்னால் அது சட்டப்படி தவறு. ஒப்பந்தக்காரர் கட்டத் தவறினாலும் முதன்மைப் பொறுப்பு நிறுவனத்தையே சேரும்.

பங்களிப்பும் ஓய்வூதியமும்

பொதுவாகத் தொழிலாளி 12 விழுக்காடும் முதலாளி 12 விழுக்காடும் செலுத்த வேண்டும். பீடி, செங்கல், கயிறு, சணல் போன்ற சில தொழில்களில் இது 10 விழுக்காடு. முதலாளியின் பங்கில் 8.33 விழுக்காடு ஓய்வூதிய நிதிக்குச் செல்கிறது. முதலாளி தம் பங்கைக் கூலியிலிருந்து பிடிக்கக் கூடாது. அதைக் காரணம் காட்டிக் கூலியைக் குறைக்கவும் கூடாது.

ஊழியர் ஓய்வூதியத் திட்டம் 16.11.1995 முதல் நடைமுறையில் உள்ளது. 10 ஆண்டுப் பணியும் 58 வயதும் நிறைந்தவருக்கு மாத ஓய்வூதியம் உண்டு. சராசரி மாத ஊதியத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் தொகை கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: சராசரி ஊதியம் 6,000 ரூபாய், பணிக்காலம் 14 ஆண்டு எனில், 6,000 × 14 ÷ 70 = 1,200 ரூபாய். இதே தொழிலாளிக்கு 5 ஆண்டுகள் பதிவாகாமல் போனால் கணக்கில் 9 ஆண்டே இருக்கும். ஓய்வூதியம் குறைவதில்லை, முற்றிலும் இல்லாமலே போகிறது. கையில் கிடைப்பது ஒருமுறை தரப்படும் சிறு தொகை மட்டுமே. விடுபட்ட ஆண்டுகளைக் கேட்டுப் பெறுவது ஏன் முக்கியம் என்பது இதிலிருந்து விளங்கும்.

முதலாளி கட்டவில்லை என்பதாலேயே உரிமை அழிந்துவிடாது. பங்களிப்பு "பெறப்பட்ட" காலத்துடன் "பெறப்பட வேண்டிய" காலத்தையும் ஓய்வூதியத் திட்டம் பணிக்காலமாகவே கொள்கிறது. ஆனால் அக்காலத்தில் வேலை செய்ததற்குச் சான்று வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. கணக்கைப் பார்த்தல்: ஒவ்வோர் உறுப்பினருக்கும் 12 இலக்க யு.ஏ.என். எண் உண்டு. அந்த எண்ணைக் கொண்டு இணையத்திலோ உமங் செயலியிலோ கணக்குப் புத்தகத்தைப் பார்த்து, எந்தெந்த மாதம் பணம் வரவில்லை என்று குறித்துக்கொள்ள வேண்டும். வைப்பு நிதி நிறுவனத்தின் இணையதளத்தில் நிறுவனப் பெயரைத் தேடினால், அது பதிவு பெற்றதா, மாதந்தோறும் பணம் கட்டுகிறதா என்பதை யாரும் அறியலாம்.

2. சான்று சேர்த்தல்: வாங்கிய இலை, தூள், கொடுத்த பீடி ஆகியவை எழுதப்படும் புத்தகம், கூலிச் சீட்டு, போனஸ் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், அடையாள அட்டை ஆகியவை பயன்படும். பழைய புத்தகம் நிறைந்ததும் அதைக் கடையில் கொடுத்துவிடாமல் படி எடுத்து வைப்பது நல்லது. தாயின் பெயரில் உள்ள ஒரே புத்தகத்தில் மகளும் மருமகளும் சுற்றிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அப்போது மகளின் உழைப்புக்குத் தாளில் சான்றே இராது. ஆளுக்கொரு புத்தகம் கேட்டுப் பெற வேண்டும்.

பீடித் தொழிலாளர் நல நிதியின் அடையாள அட்டை, முக்கூடல் பீடித் தொழிலாளர் மருத்துவமனையில் சிகிச்சை பெறுதல் போன்ற நல உதவிகளுக்கு உரியது. அந்த அட்டை இருப்பதாலேயே வைப்பு நிதிக் கணக்கு இருப்பதாக எண்ணக் கூடாது. இரண்டும் வேறு.

3. எழுத்தில் கேட்டல்: விடுபட்ட மாதங்களைக் குறிப்பிட்டு நிறுவனத்திற்குத் தபாலில் கடிதம் அனுப்பலாம். படியும் தபால் ரசீதும் பின்னர் உதவும்.

4. புகார்: திருநெல்வேலி வைப்பு நிதி அலுவலகத்தில் நேரிலோ, குறைதீர்ப்பு இணையதளத்திலோ புகார் அளிக்கலாம். மாதந்தோறும் 27ஆம் தேதி மாவட்டந்தோறும் குறைதீர் முகாம் நடத்தப்படுகிறது. அன்று விடுமுறையாயின் அடுத்த வேலை நாளில் நடக்கும். தனியாகப் புகார் செய்தால் இலை தருவதை நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சம் இயல்பானது. ஆகவே பலர் சேர்ந்தோ தொழிற்சங்கத்தின் வழியாகவோ புகார் செய்வது பாதுகாப்பானது.

5. விசாரணை: 1952 சட்டத்தின் 7ஏ பிரிவு, நிலுவையைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை வைப்பு நிதி ஆணையருக்கு வழங்கியது. சாட்சிகளை அழைக்கவும் பதிவேடுகளைக் கொண்டுவரச் சொல்லவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. தீர்மானிக்கப்பட்ட தொகையுடன் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியும், தாமதத்திற்கான இழப்பீடும் வசூலிக்கப்படும். கட்ட மறுத்தால் வங்கிக் கணக்கையும் சொத்தையும் கைப்பற்றலாம். தொழிலாளியின் பங்கைப் பழைய காலத்துக்கும் சேர்த்து இப்போதைய கூலியில் பிடிக்க விதிகள் இடம் தருவதில்லை.

6. குற்ற நடவடிக்கை: கூலியில் பிடித்த பணத்தைக் கட்டாமல் இருப்பது வெறும் நிலுவை அன்று, நம்பிக்கை மோசடியாகும். இதற்கு 1 ஆண்டுக்குக் குறையாமல் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

வழக்கறிஞர் தேவைப்பட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு.

காலம் தாழ்த்தலாகாது

1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஏ விசாரணைக்குக் கால வரம்பு விதிக்கப்படவில்லை. அதன் இடத்தில் 21.11.2025 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020, நிலுவை ஏற்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் விசாரணை தொடங்கப்பட வேண்டும் என்கிறது. 58 வயதில் படிவம் நிரப்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், இளமையில் விடுபட்ட ஆண்டுகளை மீட்பது மிகக் கடினம். ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்கைச் சரிபார்ப்பது நன்று.

சட்டம் பொருந்தாத இடங்களில்

20 பேருக்கும் குறைவாக உள்ள சிறு கடை, பட்டறைகளில் வேலை செய்பவர்கள் தமிழ்நாடு அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களில் பதிவு செய்துகொள்ளலாம். 18 முதல் 40 வயது வரை உள்ளவர்கள் அடல் ஓய்வூதியத் திட்டத்திலும் சேரலாம். ஆனால் ஆட்களைப் பல பெயர்களில் பிரித்துக் காட்டி, 20க்குக் கீழே எண்ணிக்கையை வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. ஒரே நிர்வாகம், ஒரே பெயர், ஒரே சரக்கு என்று காட்ட முடிந்தால் அவற்றை ஒரே நிறுவனமாகக் கொள்ளும்படி கேட்கலாம்.

பிற நாடுகளில்

இலங்கையில் 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி ஊழியர் 8 விழுக்காடும் முதலாளி 12 விழுக்காடும் செலுத்த வேண்டும். தவறினால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். பிரித்தானியாவில் 2012 முதல் தகுதியுள்ள ஊழியரை முதலாளியே ஓய்வூதியத் திட்டத்தில் சேர்த்தாக வேண்டும். அங்கு இதைக் கண்காணிக்கத் தனி ஒழுங்குமுறை அமைப்பு உள்ளது. நாட்டுக்கு நாடு அலுவலகமும் விழுக்காடும் மாறினாலும், வேலை செய்த நாள்களுக்கான சான்றைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவரின் கோரிக்கையே எங்கும் வலுப்பெறுகிறது.