மாலுமி என்னும் ஆசிரியன்



திருக்கோவில் கடற்கரையில் மாலை வேளைகளில் மாணவர்களோடு உலாவி வருவது எனது நீண்டநாள் வழக்கம். அவ்வாறு ஒருநாள் நடந்துகொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் கேட்ட வினாவே இன்றைய பேச்சுக்குக் காரணமாயிற்று. "ஐயா, இயந்திரமும் செய்மதியும் இல்லாத காலத்தில், கரை கண்ணுக்கு மறைந்த பின்னர், மக்கள் தீவுவிட்டுத் தீவு எவ்வாறு போய்ச் சேர்ந்தார்கள்?" என்று அவன் கேட்டான்.

இவ்வினாவுக்குரிய விடை நமது அடுக்களையிலிருந்தே தொடங்குகின்றது. மாசிச் சம்பலை அறியாத வீடு இக்கரையில் அரிது. சூரை மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்தி எடுப்பதே மாசி. மாலைதீவு மக்கள் இதனைப் பாய்க்கப்பல்களில் ஏற்றிப் பல நூற்றாண்டுகளாக இலங்கைக்குக் கொண்டுவந்தனர். சிறிய கப்பல், சில மாலுமிகள், நான்கு புறமும் கடல். அந்தப் பயணத்தின் இயல்பை அறிந்துகொண்டால் மாணவனது வினாவுக்கு விடை கிடைத்துவிடும்.

முதலாவது செய்தி காற்று. நம் கரையில் வாழ்வோருக்குக் காற்றின் பெயர்களைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆண்டின் நடுப்பகுதியில் தென்மேற்கிலிருந்து வரும் கச்சானையும், மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கிலிருந்து வரும் வாடையையும் நாம் அறிவோம். இலங்கைக்குத் தென்மேற்கே கிடக்கும் மாலைதீவிலிருந்து புறப்படும் கப்பலுக்குத் தென்மேற்குக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும் துணையாகும். திரும்பிச் செல்வதற்கு வாடை துணையாகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் காற்றுக்கு நிலையான மனம் இல்லை.

காற்று வலுவிழந்தால் என்ன நேரும் என்பதைச் சிறு கணக்கு ஒன்றினால் விளக்கலாம். மாலேக்கும் கொழும்புக்கும் இடையில் ஏறத்தாழ 400 கடல் மைல். மணிக்கு 5 கடல் மைல் ஓடும் கப்பல் நான்கு நாளுக்குள் அத்தூரத்தைக் கடந்துவிடும். காற்றுத் தளர்ந்து வேகம் மணிக்கு 2 கடல் மைலாகக் குறைந்தால் எட்டு நாள் கடந்தும் கரை தென்படாது. கப்பலில் பத்துப் பேர் இருப்பின், ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லீற்றர் நீர் என்று கொண்டால், நான்கு நாளுக்கு 120 லீற்றர் போதும். ஒன்பது நாளுக்கோ 270 லீற்றர் வேண்டும். ஆகவே கடற்பயணத்தில் தூரத்தை அளப்பது மைலன்று; காற்றும் குடிநீரும் என்று சொல்வதே பொருந்தும்.

இரண்டாவது செய்தி கப்பல். அக்காலத்து மாலைதீவுக் கப்பல்களில் பலகைகளை இரும்பாணியால் அறையாது, தென்னந்தும்புக் கயிற்றினால் தைத்து இணைத்தனர். பாறையில் மோதினால் ஆணி அறைந்த கப்பல் பிளந்துவிடும். தைத்த கப்பல் சற்று வளைந்து கொடுக்கும். ஆனால் தையல்களின் வழியே நீர் கசியும். எனவே ஒருவர் சுக்கான் பிடிக்க, ஒருவர் பாயைக் கவனிக்க, இன்னொருவர் இரவும் பகலும் நீரிறைத்தல் வேண்டும். சிறு கூட்டத்தில் ஒருவர் கடமை தவறினாலும் அனைவரது உயிரும் ஆபத்துக்குள்ளாகும்.

மூன்றாவது செய்தி வானம். வடதுருவ மீன் மாலேயில் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 4 பாகை உயரத்தில் நிற்கும். புத்தளத்தில் ஏறத்தாழ 8 பாகை உயரத்தில் நிற்கும். வடக்கே 60 கடல் மைல் சென்றால் அம்மீன் ஒரு பாகை உயரும். அரபு நாட்டுக் கடலோடிகள் சிறு பலகையொன்றையும் முடிச்சிட்ட கயிற்றையும் கொண்டு இவ்வுயரத்தை அளந்து, விரற்கணக்கில் கூறினர்.

நேயர்களே, இம்மூன்றும் ஒருங்கே சோதிக்கப்பட்ட பயணம் ஒன்றை வரலாறு நமக்குப் பாதுகாத்துத் தந்துள்ளது. மொரோக்கோ நாட்டுப் பயணியாகிய இப்னு பதூதா மாலைதீவில் காழியாராகப் பணியாற்றிவிட்டு, 1344ஆம் ஆண்டு ஆவணி மாத அளவில் தமிழகத்தின் மாபர்க் கரையை நோக்கிக் கப்பலேறினார். மூன்று நாட் பயணம் அது. காற்று மாறிற்று. ஒன்பதாம் நாள் அவர்கள் கண்டது மாபர்க் கரையை அன்று. வானில் புகைத்தூண் போல் எழுந்து நின்ற, நாம் பாவாதமலை என்றும் சிவனொளிபாதமலை என்றும் வழங்கும் மலையையே. 2,243 மீற்றர் உயரமுள்ள அம்மலை, வானம் தெளிந்திருந்தால் 90 கடல் மைலுக்கு அப்பாலும் தோன்றக்கூடியது.

அத்துறை ஆரியச்சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. அங்கே இறங்க மாலுமிகள் அஞ்சினர். காற்றோ மேலும் வலுத்தது. இப்னு பதூதா தாமே முதலில் கரையிறங்கி, மன்னனிடம் அபயம் பெற்றார். மன்னன் பாரசீக மொழி அறிந்தவன். விருந்தினரை மதித்துப் பேசினான். மலையைத் தரிசிப்பதற்குத் துணையாட்களையும் கொடுத்தனுப்பினான். கப்பல் தலைவனோ, ஓராண்டு காத்திருக்க நேர்ந்தாலும் அவரை விட்டுச் செல்வதில்லை என்று கூறித் துறையிலேயே தங்கினான். சிறு கப்பலில் சில நாள் சேர்ந்திருந்தோரிடையே தோன்றும் உறவு அத்தகையது.

மலையைத் தரிசித்துத் திரும்பிய பின்னர் மீண்டும் மாபரை நோக்கிப் புறப்பட்டனர். இம்முறை காற்று கடுமையாயிற்று. நீர் கப்பலுக்குள் புகும் நிலை வந்தது. வழியறிந்த மாலுமி தம்மிடம் இருக்கவில்லை என்று இப்னு பதூதா தமது நூலிலே வருந்திக் கூறுகின்றார். பாறைகளுக்கு அருகே சென்று தப்பிய கப்பல், பின்னர் ஆழமற்ற நீரில் தரைதட்டிற்று. பாய்மரத்தை வெட்டினர், பொருள்களைக் கடலில் எறிந்தனர், மரங்களைக் கட்டித் தெப்பமாக்கினர். அதில் எல்லோருக்கும் இடமில்லை. உடன்வந்தோரை முன்னே அனுப்பிவிட்டு, அவர் கப்பலின் பின்தளத்தில் இரவைக் கழித்தார். விடிந்ததும் அக்கரையில் வாழ்ந்த மக்கள் ஓடத்தில் வந்து மீட்டனர். இன்னார், இன்ன மதத்தார் என்று பாராது கடலில் தவித்தவரைக் கரையேற்றிய அவர்களது பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

கப்பல் இருந்தது, காற்று இருந்தது, கரையும் அண்மையில் இருந்தது. இல்லாதது வழியறிந்த ஒருவனே. இங்கே ஒரு சொல்லின் வரலாற்றைக் கூற விரும்புகின்றேன். 'மாலுமி' என்பது அரபு மொழியின் 'முஅல்லிம்' என்னும் சொல்லிலிருந்து தமிழுக்கு வந்தது. கல்முனைப் பகுதியில் மதரசாவில் ஓதிக்கொடுப்பவரை அப்பெயராலேயே அழைப்பர். அதன் பொருள் ஆசிரியர். காற்றையும் மீனையும் நீரின் நிறத்தையும் கற்றவன், கற்பிப்பவன் என்பதனாலேயே கப்பலை வழிநடத்துவோனுக்கு அப்பெயர் அமைந்தது.

இது பழங்கதை என்று ஒதுக்கத்தக்கதன்று. இன்றும் நம் கரையிலிருந்து ஐந்தாறு பேர் ஓர் இயந்திரப் படகில் ஏறி, பல நாள் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கின்றனர். அவர்களிடம் செய்மதிக் கருவி உண்டு. ஆயினும் இயந்திரம் நின்று, மின்கலமும் ஓய்ந்துவிட்டால், அப்படகு இப்னு பதூதாவின் கப்பலாகிவிடுகின்றது. கச்சான் காலத்தில் காற்று தம்மைக் கரையிலிருந்து வங்கக் கடலுக்குள் தள்ளும் என்பதை அறிந்தவன், எஞ்சிய நீரை முதல் நாளே பங்கிட்டு வைப்பான். அறியாதவன் மூன்றாம் நாளில் வெறுங்குடத்தைக் கவிழ்ப்பான்.

என் மாணவனுக்கு நான் கூறிய விடை இதுவே: அக்காலத்தவர் கற்றுக்கொண்டமையினால் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கல்வி எந்தப் பாடநூலிலும் முழுமையாக இல்லை. நம் ஊர் முதியோரின் நாவில் இருக்கின்றது. அவர்கள் வலை பின்னிக்கொண்டு வாடியில் அமர்ந்திருக்கும்போதே பிள்ளைகள் அருகே சென்று கேட்டுக் கற்பார்களாக.