தாம்பூலத் தட்டில் இரு தொழில்கள்

வீடு தேடி வந்தவரைத் திண்ணையில் அமர்த்தி, வந்ததும் ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பதும், புறப்படும்போது வெற்றிலை பாக்கு அளிப்பதும் திருச்சிராப்பள்ளிச் சீமையின் பழைய மரியாதை. கலியாணப் பத்திரிகை தபாலில் வந்தால் மட்டும் போதாது. வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் அழைப்பு. தட்டை மாற்றிக்கொண்டால் சம்பந்தம் உறுதி. அதனாலன்றோ அதற்கு நிச்சயதாம்பூலம் என்றே பெயர்!

இம்மரியாதை நமக்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்காவில், நைஜீரியாவின் தென்பகுதியில் வாழும் உர்ஹோபோ மக்கள் விருந்தினர் முன் கோலாக் கொட்டையை வைத்து வரவேற்கின்றனர். வாழ்த்துக் கூறிய பின்னரே அதை உடைத்துப் பங்கிடுவர். கொட்டை வேறு, நாடு வேறு; ‘நீர் எம்மவர்’ என்னும் பொருள் ஒன்றே.

நம் பக்கத்து வழக்கத்தின் பழமையை அறியச் சிலப்பதிகாரமே சான்று. கோவலனும் கண்ணகியும் அரங்கத்தையும் உறையூரையும் கடந்தே மதுரைக்குச் சென்றனர். அங்கே ஆயர் இல்லத்தில் கணவனுக்குக் கடைசியாக அமுது படைத்த கண்ணகி, உண்டு முடித்தவனுக்கு வெற்றிலையும் பாக்கும் அளித்ததாக இளங்கோவடிகள் பாடுகிறார். கோயில் வழக்கிலும் இதே அன்பைக் காண்கிறோம். தைப்பூசத்தன்று கொள்ளிடக் கரைக்கு எழுந்தருளும் சமயபுரம் மாரியம்மனுக்கு, தமையன் முறையில் திருவரங்கத்திலிருந்து சீர் செல்கிறது. பங்குனியில் நம்பெருமாள் உறையூர் நாச்சியாரிடம் எழுந்தருளிச் சேர்த்தி காண்கிறார். தறி ஓசை கேட்கும் உறையூர், அவருக்கு மாமனார் ஊரும் ஆகும்.

இனி, தாம்பூலத் தட்டைச் சற்று உற்று நோக்குவோம். அதிலுள்ள வெற்றிலை விவசாயியின் உழைப்பு. காவிரிக் கரையில் பரமத்தி வேலூர் முதலிய இடங்களில் கொடிக்கால்கள் உள்ளன. முதலில் அகத்தி விதைத்து, அது வளர்ந்து நிழல் தரும்போது கொடியை நட்டு, அதன்மேல் ஏற்றிக் கட்டுவர். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். காய்ந்தால் கொடி வாடும். கிள்ளிய இலையை நூறு நூறாகக் கவுளி அடுக்கி, வாடுமுன் சந்தை சேர்க்க வேண்டும். ஒரு நாள் தாமதமும் நஷ்டமே.

அத்தட்டிலுள்ள ரவிக்கைத் துண்டோ நெசவாளியின் பங்கு. ஆனால் இன்று நடப்பதென்ன? தைக்கவும் உதவாத மலிவுத் துணியை வாங்கி வைக்கிறோம். பெற்றவர் அதைப் பெட்டியில் வைத்து, அடுத்த விசேஷத்தில் வேறொருவருக்குக் கொடுக்கிறார். அது தையற்காரரைக் காணாமலே பத்து வீடு சுற்றி, ஒருவேளை நம் வீட்டுக்கே திரும்பி வருகிறது. யாருக்கும் பயன்படாத அந்தத் துண்டுக்குச் செலவிடும் பணம் கைத்தறிக்கு வந்தால் எத்தனை தறிகள் ஓடும்!

சென்ற தை மாதம் உறையூரில் நெசவாளர் வீடொன்றில் நடந்த விசேஷத்துக்கு நாமும் சென்றிருந்தோம். பெண்கள் எல்லோருக்கும் தாம்பூலம் கொடுத்து வந்தார்கள். தார் சுற்றும் மூதாட்டி ஒருவர், தட்டு தம் பக்கம் வருமுன்னே எழுந்து தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். கணவரை இழந்தவராம். அவ்வீட்டுத் தறிகளுக்கு ஆண்டுக்கணக்காகத் தார் சுற்றியவர் அவர். அவர் கைபட்ட நூலில் நெய்த சேலையை மணப்பெண் உடுத்தலாம். அவர் கைக்கு இரண்டு வெற்றிலை மட்டும் ஆகாதாம்! வீட்டு மருமகள் இதைக் கவனித்தார். ஒன்றும் பேசாமல் தட்டுடன் தூணருகே சென்று, “பெரியம்மா, வாங்கிக்குங்க” என்று நீட்டினார். மூதாட்டி தயங்கினார், மருமகள் நகரவில்லை. முடிவில் அவர் முந்தானையில் வாங்கிக்கொண்டபோது கூடத்தில் எவரும் மறுத்துப் பேசவில்லை. விருந்தினரை வரவேற்கும் வழக்கம் விருந்தினருள் ஒருவரை ஒதுக்குமானால் அது வரவேற்பாகுமா?

மற்றொன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். பாக்கு மெல்லுதல், புகையிலை சேராவிடினும், வாய்ப்புற்றுக்குக் காரணமாகிறது என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் வெளியிட்ட ஆய்வு நூலில் தெளிவுபடுத்தியது. தறிக்குழியில் அமர்ந்து நாள் முழுதும் பாக்கை அடக்கிக்கொள்ளும் நம் தோழர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். தட்டில் வைத்து மரியாதை செய்வது வேறு. இடைவிடாது மெல்லுவது வேறு. மரியாதை கொடுக்கும் கையில் இருக்கிறதே ஒழிய மெல்லும் வாயில் இல்லை.

ஆகவே அங்கத்தினர்களுக்கு நம் வேண்டுகோள் மூன்று. தாம்பூலத்தில் தைத்து உடுத்தத்தக்க கைத்தறித் துண்டையே வையுங்கள். வசதியில்லையேல் கைத்தறிக் கைக்குட்டை ஒன்று போதும். வெற்றிலையைக் கொடிக்காற்காரரிடமோ அவர்கள் சங்கத்திலோ நேரே வாங்க முயலுங்கள். சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாசலில் வைக்கும் தட்டு, வரும் அங்கத்தினர் ஒவ்வொருவர் முன்னும் செல்லட்டும். பங்குத்தொகை செலுத்தியவர் அனைவருக்கும் ஒரே வாக்கு என்பது நம் கூட்டுறவின் சட்டம். அனைவருக்கும் ஒரே தாம்பூலம் என்பது நம் வீடுகளின் சட்டமாகட்டும்.