பூட்ஸ்டிராப்பின் வெள்ளைப் பின்னணியை முறையாக மாற்றுவது எப்படி?

பூட்ஸ்டிராப் சேர்த்த பக்கத்துக்குத் தன் விருப்பப்படி நிறம் கொடுக்க முயல்பவர் முதலில் முட்டிக்கொள்வது பின்னணியில்தான். பாடிக்கு இளமஞ்சள் என்று சொந்த ஸ்டைல் ஃபைலில் எழுதியாயிற்று. பக்கம் வெள்ளையாகவே இருக்கிறது. அல்லது பக்கம் மஞ்சளாகிவிட்டது, மேலே உள்ள கார்டுகள் மட்டும் வெள்ளைக் கட்டங்களாகத் துருத்திக்கொண்டு நிற்கின்றன. பக்கத்து சீட்டில் இருப்பவர் எட்டிப் பார்த்து, “ஒரு இம்பார்ட்டன்ட் போட்டு விடுங்க, சரியாயிடும்” என்கிறார். அன்றைக்கு அது வேலை செய்யும். அடுத்த மாதம் வேறொருவர் அதே நிறத்தை ஒரு பக்கத்தில் மட்டும் மாற்ற வருவார். அவரும் இன்னொரு இம்பார்ட்டன்ட் போட வேண்டியிருக்கும். இப்படியே போனால், எந்த வரி எதை வெல்கிறது என்று யாராலும் சொல்ல முடியாத ஒரு ஃபைல்தான் மிஞ்சும். நிறத்தில் கை வைக்கும் முன் அந்த வெள்ளை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

டிவிட்டரில் வேலை பார்த்த மார்க் ஓட்டோவும் ஜேக்கப் தார்ன்டனும் உருவாக்கி, 2011 ஆகஸ்டில் எல்லோரும் பயன்படுத்தத் திறந்துவிட்ட தொகுப்பு பூட்ஸ்டிராப். பட்டன், டேபிள், படிவம், மெனு எதற்கும் முதலிலிருந்து ஸ்டைல் எழுத வேண்டாம். கிளாஸ் பெயரைச் சேர்த்தால் போதும். அந்த வசதிக்காக ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அதுவே ஒரு நிறத்தை எழுதி வைத்திருக்கிறது. பூட்ஸ்டிராப் இல்லாத பக்கத்தில் பாடிக்குப் பின்னணி நிறமே கிடையாது. பின்னால் இருக்கும் பிரவுசரின் வெள்ளைதான் தெரிகிறது. பூட்ஸ்டிராப் வந்ததும் அந்த வெள்ளை எழுதப்பட்ட விதியாகிவிடுகிறது. நீங்கள் எழுதும் விதி அதனோடு மோதித்தான் ஜெயிக்க வேண்டும்.

இரண்டு விதிகள் மோதினால் பிரவுசர் சில கேள்விகளை வரிசையாகக் கேட்டு முடிவெடுக்கிறது. எதிலாவது இம்பார்ட்டன்ட் இருக்கிறதா? இல்லையென்றால், எந்த செலக்டருக்குக் கனம் அதிகம்? ஐடிக்கு முன் கிளாஸ் நிற்காது, கிளாஸுக்கு முன் வெறும் டேக் நிற்காது. கனமும் சமம் என்றால் கடைசியாக எழுதப்பட்டது எதுவோ, அதற்கே வெற்றி. பாடியின் நிறம் மாறாமல் போவதற்குப் பெரும்பாலும் இந்தக் கடைசிக் கேள்விதான் காரணம். இரண்டு பக்கமும் ‘பாடி’ என்ற ஒரே டேக்தான் செலக்டர். உங்கள் ஃபைலின் லிங்க் மேலேயும் பூட்ஸ்டிராப்பின் லிங்க் கீழேயும் இருந்தால் வெள்ளை ஜெயிக்கும். லிங்கை இடம் மாற்றினால் வேலை முடிந்தது.

ஊகிக்கவே தேவையில்லை. பக்கத்தில் ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் போனால், அந்த இடத்துக்குப் பொருந்தும் விதிகள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். தோற்றவை கோடு கிழிக்கப்பட்டிருக்கும். வென்ற விதி எந்த ஃபைலில் எந்த வரியில் இருக்கிறது என்பதும் பக்கத்திலேயே இருக்கும். உங்கள் விதி அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை என்றால் ஃபைல் வந்து சேரவில்லை, அல்லது செலக்டர் தவறு. அந்த நிலையில் ஆயிரம் இம்பார்ட்டன்ட் போட்டாலும் பயனில்லை.

இனி கார்டுகளுக்கு வருவோம். 2022இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து பூட்ஸ்டிராப் தன் உறுப்புகளின் நிறங்களைப் பெரும்பாலும் சிஎஸ்எஸ் வேரியபிள்களில் வைக்கிறது. பாடியின் பின்னணிக்கு ‘பிஎஸ்-பாடி-பிஜி’ என்று ஒரு வேரியபிள். 2023இல் வந்த 5.3இல் கார்டு, டிராப்டவுன், மோடல் எல்லாமே தங்கள் பின்னணியை அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே பாடிக்கு நேரடியாக நிறம் எழுதினால் பாடி மட்டும் மாறும். ரூட்டில் அந்த வேரியபிளை மாற்றினால் மேலே இருப்பவையும் கூடவே மாறும். இதுவே சரியான வழி என்பது என் கருத்து. எழுதுவது ஒரே வரி, பிறகு மாற்ற வருபவருக்கும் அந்த ஒரே வரிதான்.

கார்டுக்கு மட்டும் தனி நிறம் வேண்டுமென்றால் ‘பிஎஸ்-கார்டு-பிஜி’ இருக்கிறது. ஆனால் அதை ரூட்டில் எழுதினால் ஒன்றும் நடக்காது. கார்டு கிளாஸ் அந்த வேரியபிளைத் தனக்குள்ளேயே மறுபடி அறிவித்துக்கொள்கிறது. மேலிருந்து வரும் மதிப்பு அதோடு அழிந்துவிடுகிறது. கார்டு கிளாஸ் மீதே எழுத வேண்டும், அல்லது அதே எலிமென்டில் உங்கள் கிளாஸ் ஒன்றைச் சேர்த்து அதில் எழுத வேண்டும்.

கம்பெனி நிறத்தைக் கொண்டுவர நினைப்பவர்கள் அதிகம் குழம்புவது பிரைமரியில். பூட்ஸ்டிராப்பின் அந்த நீலம் ஆர்ஜிபி கணக்கில் 13, 110, 253. ‘பிஎஸ்-பிரைமரி’ என்ற வேரியபிளை மாற்றியும் ‘பிஜி-பிரைமரி’ கிளாஸ் போட்ட பட்டை நீலமாகவே இருக்கும். அந்தக் கிளாஸ் படிப்பது ‘பிஎஸ்-பிரைமரி-ஆர்ஜிபி’ என்ற வேறொரு வேரியபிளை. அதையும் மாற்றினால் பட்டை மாறும், பிரைமரி பட்டன் மாறாது. பட்டனின் நிறங்கள், சிஎஸ்எஸ்ஸை உருவாக்கும் சாஸ் ஃபைலிலிருந்து கணக்கிட்டு நேராக எழுதப்பட்டவை. சாதாரண நிறம், மவுஸ் மேலே வரும்போது, அழுத்தும்போது, செயலிழந்திருக்கும்போது என்று தனித்தனி வேரியபிள்கள். முதல் ஒன்றை மட்டும் மாற்றினால் பச்சைப் பட்டன் மீது மவுஸ் பட்டதும் நீலம் எட்டிப் பார்க்கும்.

இந்த அளவுக்கு மாற்ற வேண்டியிருந்தால் சாஸிலேயே மாற்றுவது நல்லது. அங்கே பிரைமரி நிறத்தை ஒரு முறை எழுதினால் பட்டனின் எல்லா நிலைகளும் அதிலிருந்து கணக்கிடப்படும். பூட்ஸ்டிராப்பின் சாஸ் வேரியபிள்களில் ‘டிஃபால்ட்’ என்ற குறி உண்டு. ஏற்கெனவே மதிப்பு இருந்தால் அதைத் தொடாதே, இல்லாவிட்டால் மட்டும் இதை எடுத்துக்கொள் என்று அதற்குப் பொருள். அதனால் சாஸில் உங்கள் மதிப்பு பூட்ஸ்டிராப்பை இம்போர்ட் செய்யும் வரிக்கு முன்னால் வர வேண்டும். சிஎஸ்எஸ் ஃபைலில் பின்னால், சாஸில் முன்னால்: வரிசை இப்படித் தலைகீழாவதுதான் புதியவர்களைத் திணறடிக்கிறது.

டேபிள் இன்னொரு சிக்கல். ஒரு வரிசையைத் தனித்துக் காட்ட டிஆர் டேக்குக்குப் பின்னணி கொடுப்போம், எதுவும் தெரியாது. இன்ஸ்பெக்டில் உங்கள் விதி கோடு கிழிக்கப்படாமல் வென்றே நிற்கும். காரணம், 5.3.3 பதிப்பில் பூட்ஸ்டிராப் நிறம் பூசுவது வரிசைக்கு இல்லை, அதன் ஒவ்வொரு கட்டத்துக்கும். தரைக்கு வண்ணம் பூசிவிட்டு மேலே பாய் விரித்த கதைதான். கட்டங்கள் ‘பிஎஸ்-டேபிள்-பிஜி’ என்ற வேரியபிளைப் படிக்கின்றன. அந்த வரிசையில் அந்த வேரியபிளை மாற்றினால் அதன் கட்டங்கள் எல்லாம் நிறம் மாறும். வரி வரியாக நிழல் விழும் ஸ்டிரைப்டு டேபிளில் பின்னணிக்கு மேல் உள்நோக்கிய பாக்ஸ் ஷேடோ ஒன்றும் இருக்கிறது. நீங்கள் கொடுத்த நிறம் ஒன்றுவிட்டு ஒரு வரியில் சற்று மங்கித் தெரிவது அதனால்தான்.

படிவங்களில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். செலக்ட் பெட்டியின் வலது ஓரத்தில் இருக்கும் கீழ்நோக்கிய அம்பு, பின்னணிப் படமாக வைக்கப்பட்டது. நீங்கள் ‘பேக்கிரவுண்ட்’ என்று சுருக்கமாக எழுதி நிறம் கொடுத்தால், அந்தச் சுருக்கம் படத்தையும் சேர்த்து நீக்கிவிடும். அம்பு போனதும் அது வெறும் எழுத்துப் பெட்டி போலாகி, தேர்ந்தெடுக்க வேண்டிய இடம் என்பதே பயனருக்குத் தெரியாமல் போகும். டிக் பெட்டியிலும் இதே கதை. எப்போதும் ‘பேக்கிரவுண்ட்-கலர்’ என்று முழுதாக எழுதிப் பழகுங்கள்.

இம்பார்ட்டன்ட் தேவைப்படும் இடமே இல்லையா என்றால், உண்டு. பூட்ஸ்டிராப்பே ‘பிஜி-’ என்று தொடங்கும் யூட்டிலிட்டி கிளாஸ்களில் அதை வேண்டுமென்றே போட்டிருக்கிறது. அந்தக் கிளாஸைச் சேர்த்தால் வேறு எதையும் மீறி அந்த நிறம் வர வேண்டும் என்பது அதன் நோக்கம். அதோடு மோதுவதைவிட எச்டிஎம்எல்லில் அந்தக் கிளாஸை எடுத்துவிடுவது சுலபம். மற்ற விதிகளை இம்பார்ட்டன்ட் இல்லாமலே வெல்ல இன்னொரு வழியும் உண்டு. விதிகளை அடுக்குகளாகப் பிரிக்கும் லேயர் வசதி 2022 முதல் முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. பூட்ஸ்டிராப் முழுவதையும் ஒரு லேயருக்குள் இம்போர்ட் செய்தால், வெளியே நீங்கள் எழுதும் சாதாரண விதி எவ்வளவு எளிய செலக்டராக இருந்தாலும் ஜெயிக்கும். ஆனால் இம்பார்ட்டன்ட் விதிகளுக்கு இந்த வரிசை திரும்பிவிடுகிறது: லேயருக்குள் இருக்கும் இம்பார்ட்டன்ட், வெளியே இருக்கும் இம்பார்ட்டன்டை வெல்லும்.

டார்க் மோட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரூட் செலக்டரும் டார்க் மோடின் செலக்டரும் ஒரே கனம் கொண்டவை. ரூட்டில் இளமஞ்சள் எழுதி அது கடைசியாக வந்தால், டார்க் மோடிலும் அதே மஞ்சள்தான் வரும். எழுத்தோ டார்க் மோடுக்கான வெளிர்சாம்பலாக மாறியிருக்கும். எதையும் படிக்க முடியாது. லைட்டுக்கு ஒன்று, டார்க்குக்கு ஒன்று என்று இரண்டு தீம் செலக்டர்களிலும் தனித்தனியாக எழுதுங்கள்.

டார்க் மோட் இல்லாத பக்கத்திலும் பின்னணியை மாற்றினால் எழுத்தின் நிறத்தையும் பார்க்க வேண்டும். சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்கிறது வேர்ல்டு வைடு வெப் கன்சார்ட்டியத்தின் அணுகல் வழிகாட்டி. குரோம் இன்ஸ்பெக்டில் எழுத்து நிறத்தின் சிறு கட்டத்தைக் கிளிக் செய்தால் இந்த எண் வந்துவிடும். பார்வை குறைந்தவரும், நல்ல வெயிலில் போனைப் பிடித்து நிற்பவரும் உங்கள் பக்கத்தைப் படிக்கப் போகிறார்கள். அந்த எண்ணைப் பார்க்காமல் புதிய நிறத்தை வெளியே விடாதீர்கள்.