லாயத்துக்கு ஒரு மணிக்கூடு

கொட்டியாரக்குடாவின் தென்கரையை அண்டிக் கிடக்கும் ஊர் கட்டைபறிச்சான். 1659ஆம் ஆண்டுப் புயலிற் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், புதுமரம் நாட்டவும் வாணிகம் செய்யவும் இக்குடாவையே நாடி வந்தது. அதில் வந்தோர் 1660இல் கண்டியரசனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டதும், அவருள் ஒருவரான றொபேட் நொக்ஸ் 1681இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்டதும் மாணவர் அறிந்த வரலாறு.

இழந்த பாய்மரத்துக்கு ஈடாக வேறொன்று நாட்டலாம். ஆனால், கிழக்கே எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதை நடுக்கடலில் நின்று அறிவதற்குத் துணைசெய்யும் மணிக்கூடு அக்கப்பலில் இல்லை; அன்று உலகில் எக்கப்பலிலும் இல்லை.

பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. திருகோணமலை ஏறத்தாழ 81 பாகை 15 கலை கிழக்கு நெடுங்கோட்டில் உள்ளது. ஆதலால், இங்கே கதிரவன் உச்சியை அடைந்து 5 மணி 25 நிமிடம் கழித்தே கிறீனிச்சில் உச்சிப்பொழுதாகும். கிறீனிச்சின் நேரத்தைப் பிழையின்றிக் காட்டும் மணிக்கூடு கையிலிருந்தால், மாலுமி தன் இடத்தை எளிதிற் கணித்துவிடுவான். அது ஒரு நிமிடம் பிழைத்தாலோ, நம் கடலில் அவன் கணக்கு ஏறத்தாழ 27 கிலோமீற்றர் பிழைத்துப்போகும். இக்குறையைத் தீர்ப்போருக்கு 20,000 பவுண் வரை பரிசளிப்பதாக 1714இல் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது.

தீர்வுக்கு வழி எங்கே பிறந்தது? குதிரைலாயம் ஒன்றிலே எனில் வியப்பன்றோ!

ஜோன் ஹரிசன் 1693இல் யோர்க்ஷயரிற் பிறந்தவர், தச்சனின் மகன், தாமும் தச்சர். ஏறத்தாழ இருபதாம் வயதில், 1713இல், மரச்சில்லுகள் கொண்ட மணிக்கூடு ஒன்றைச் செய்தார். 1720ஆம் ஆண்டளவில் புரொக்கிள்ஸ்பி மாளிகைக்குரிய சார்ல்ஸ் பெல்ஹாம், தம் புதிய லாயத்தின் கோபுரத்துக்கு மணிக்கூடு ஒன்று செய்து தருமாறு அவரிடம் ஒப்படைத்தார்.

கேட்டது மணிக்கூடு. தச்சர் சிந்தித்ததோ எண்ணெயைப் பற்றி! அக்காலத்து எண்ணெய் நாளடைவிற் தடித்து, சில்லுகளின் ஓட்டத்தைக் கெடுத்தது. நல்ல எண்ணெயைத் தேடாது, எண்ணெயே வேண்டாத பொறியை அவர் நாடினார். லிக்னம் விட்டே என்னும் மரம் நீரில் அமிழும் பாரமுடையது. தன்னுள்ளேயே பசைநெய் கொண்டது. உராயும் இடங்களில் அம்மரத்தைப் பொருத்தினார். பற்சில்லுகளை ஓக்கு மரத்திற் செய்தார். ஒவ்வொரு பல்லிலும் மரத்தின் இழை வெளிநோக்கி ஓடுமாறு துண்டுகளை இணைத்தமையால் பற்கள் எளிதில் முறியவில்லை. கறள் பிடிக்கும் இரும்பை இயன்றவரை விலக்கிப் பித்தளையைக் கொண்டார். 1722ஆம் ஆண்டளவில் முடிவுற்ற அந்த மணிக்கூடு, முந்நூறு ஆண்டு கழிந்தும் ஓடிக்கொண்டிருக்கிறது.

லாயத்திற் பெற்ற அனுபவம் கடலுக்குச் சென்றது. 1735இல் முடிந்த அவருடைய முதற் கடல்மணிக்கூட்டிலும் மரச்சில்லுகள் இருந்தன, எண்ணெய் இல்லை. ஆயினும் 1759இல் அவர் முடித்த நாலாவது கருவி, உள்ளங்கையினும் சற்றே பெரிய கடிகாரம். அதில் மரச்சில்லும் இல்லை, எண்ணெயும் வேண்டியிருந்தது. தாம் கண்ட வழியையே கட்டிக்கொண்டிராது, வேண்டியவிடத்து அதனைக் கைவிடவும் துணிந்தார். ஜமேக்காவுக்கு 1761இற் புறப்பட்ட பயணத்தில், 81 நாளில் அது பிந்தியது ஐந்தே செக்கன். அப்படியிருந்தும், பாராளுமன்றம் அவருக்கு எஞ்சிய தொகையை வழங்கியது 1773இலேயே. அப்போது அவருக்கு வயது எண்பது.

பரிசை வழங்கவேண்டிய சபை அவரை ஐயுற்றுக் காலங்கடத்தியது. லாயம் கட்டிய செல்வரோ வேலையை நம்பி ஒப்படைத்தார். கைவினைஞனிடம் பொருளொன்றைச் செய்விப்போர் நினைவிற் கொள்ளத்தக்க வேறுபாடு இது.

நம் ஊர்த் தச்சரிடம் முதிரை மரத்தில் ஒரு மணிக்கூட்டுக் கூடு செய்யச் சொல்கிறோம் என வைத்துக்கொள்வோம். "எப்போது முடியும்?" என்பதே நம் முதற் கேள்வி. நல்ல தச்சரின் கேள்வி வேறு: "எங்கே வைக்கப் போகிறீர்கள்?" உப்புக்காற்று படும் சுவரா, வெயில் விழும் திண்ணையா, மரம் உலர்ந்ததா, இழை எப்பக்கம் ஓடுகிறது என்றெல்லாம் அவர் மனம் கணக்கிடும். அக்கணக்குக்கு வேண்டிய நாட்களை மனமுவந்து கொடுப்பதும் கூலியின் ஒரு பகுதியே. காலத்தைக் காட்டும் பொருளைக் கேட்பவர், அதனைச் செய்பவருக்குக் காலம் கொடுக்க மறுப்பது முறையாகுமா?