மலைப்பாதையில் கரும்புகை: டேங்கில் 'மருந்து' ஊற்றினால் தீருமா?

பெருநாள் விடுமுறையில் குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறவர்களுக்குத் தெரியும். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் முன்னால் போகும் பழைய வேன் கரும்புகை கக்கும். பின்னால் வரும் வண்டியில் பிள்ளைகள் இருமுவார்கள். டீசல் டேங்கில் ஒரு பாட்டில் 'மருந்து' ஊற்றினால் புகை நின்றுவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. அது எவ்வளவு உண்மை?

புகைக்கரி எஞ்சினுக்குள் தீச்சுடரிலேயே பிறக்கிறது. காற்று போதாத இடத்தில் டீசல் முழுதாக எரியாமல், சூட்டில் உடைந்து அசிட்டிலீன் போன்ற சிறு துண்டுகளாகிறது. அந்தத் துண்டுகள் கூடி பென்சீன் வளையமாகின்றன. வளையத்தோடு வளையம் ஒட்டிப் பெருகுகிறது. இந்த வளையக் கூட்டங்கள்தாம் கரித்துகளின் கரு. இவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. டீசல் புகையே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் அறிவித்தது.

எரிபொருளோடு சேர்க்கும் பொருள்கள் இரண்டு வழிகளில் வேலை செய்கின்றன. எத்தனால், பயோடீசல் போன்றவை தம்முள்ளேயே ஆக்சிஜன் கொண்டவை. எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன். பயோடீசலில் சுமார் 11 சதவீதம். ஆக்சிஜனோடு பிணைந்த கார்பன் பெரும்பாலும் வளையமாகச் சேராமல் கார்பன் மோனாக்சைடாகப் பிரிந்துவிடுவதால் கரு குறைகிறது. ஆனால் எல்லாச் சுடரிலும் இப்படி நடப்பதில்லை. சில ஆய்வகச் சுடர்களில் சிறிதளவு எத்தனால் சேர்த்தபோது வளையங்கள் கூடியதும் உண்டு. இரும்பு, சீரியம் போன்ற உலோகச் சேர்மங்களின் வழி வேறு: உருவான கரி எரிந்து தீர அவை உதவும். ஆனால் அந்த உலோகம் நுண்சாம்பலாக வெளியேறும்.

'ஆட்புளூ' இந்த வகையில் சேராது. அது நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பது. அதற்கென்று தனி டேங்க் உண்டு. டீசலில் ஊற்றினால் வண்டி கெட்டுவிடும்.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய எஞ்சினுக்கு ஏற்றத்தில் டீசல் அதிகம் போகிறது, காற்றோ குறைகிறது. இந்தக் குறையை எந்தப் பாட்டிலும் ஈடுகட்டாது.

ஆகவே பயணத்துக்கு முன் ஏர் ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் சரிபாருங்கள். ஏற்றத்தில் கியரைக் குறைத்து ஓட்டுங்கள். வெள்ளி அருவியில் நிறுத்தினால் எஞ்சினை அணைத்துவிடுங்கள். புகை கக்கும் வண்டியின் பின்னால் ஒட்டிப் போகாமல் இடைவெளி விடுங்கள். பிள்ளைகளின் நுரையீரலுக்கு உடனே கிடைக்கும் பாதுகாப்பு இதுதான்.