குடிநோய் மரபணுவில் எழுதியிருக்கிறதா?

உமிழ்நீரைச் சோதித்துக் குடிநோய் ஆபத்தைச் சொல்லும் பரிசோதனைக்கான சலுகை இம்மாத இறுதியோடு முடிகிறதாம். அதற்குள் பணம் கட்டிவிடலாமா என்று கேட்டுப் பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். குடிக்கு அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளைகளின் கடிதங்களும் அவற்றில் உண்டு.

கட்டும் முன் ஒரு மரபணுவைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். மது உடலுக்குள் போனதும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறுகிறது. அதை அகற்றுவது, அந்த மரபணு உருவாக்கும் ஏஎல்டிஹெச்2 என்னும் நொதி. ஜப்பான், சீனா, கொரியாவில் பலருக்குப் பிறவியிலேயே இதில் பழுது இருக்கும். கொஞ்சம் குடித்தாலே முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டும்; இந்தத் தொல்லையே குடிநோய்க்கு எதிரான காவல். நான்கு துண்டுகள் கூடினால்தான் இந்த நொதி வேலை செய்யும். ஒரு துண்டு பழுதானாலும் மற்றவை முடங்கும். அதனால் தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பழுது வந்தாலும் நொதியின் திறன் பாதிக்கும் வெகு கீழே இறங்கிவிடுகிறது. குடியை விடக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையும் இந்த நொதியைத்தான் முடக்குகிறது.

இவ்வளவு வலுவான காவலையே ஒரு சமூகம் உடைத்துவிட்டது. ஜப்பானியக் குடிநோயாளிகளில், ஒருவழிப் பழுது உள்ளவர்கள் 1979-இல் 2.5 விழுக்காடு, 1986-இல் 8, 1992-இல் 13 என்று ஆய்வாளர் ஹிகுச்சியின் குழுவினர் 1994-இல் எழுதினார்கள். பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு நாட்டின் மரபணு மாறாது. வேலை முடிந்ததும் மேலதிகாரியோடு உட்கார்ந்து குடித்தாக வேண்டும் என்கிற வழக்கம் உடலின் மறுப்பை மீறவைத்தது. அப்படிக் குடித்தவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்தும் பல மடங்கு கூடுகிறது. இதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

விளம்பரங்கள் சொல்வது, ‘மரபின் பங்கு 50 விழுக்காடு’. மக்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ பாதியை மரபு விளக்குகிறது என்பதே இதன் பொருள். உங்கள் ஒருவரின் தலையெழுத்தை இந்த எண் சொல்லாது. இப்பரிசோதனைகள் தரும் ‘ஆபத்து மதிப்பெண்’ணும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் கணக்கிட்டது. நமக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று நிரூபிக்க வேண்டியவர்கள் விற்பவர்கள்தான். பணம் கட்ட வேண்டாம் என்பதே என் பதில்.

ஜப்பானியரின் காவல் நமக்கு உண்டா? இந்தியாவில் அது அரிது.

எவ்வளவு குடித்தாலும் தள்ளாடாதவருக்கு ஆபத்து குறைவா? இல்லை, கூடுதல்.

அப்பாவைப் போலவே பிள்ளையும் ஆவானா? குடிநோயாளிப் பெற்றோருக்குப் பிறந்து வேறு வீட்டில் தத்துப்பிள்ளைகளாக வளர்ந்த ஆண்களை 1973-இல் டென்மார்க்கில் ஆராய்ந்தார்கள். 18 விழுக்காட்டினர் குடிநோயாளிகள், மற்ற தத்துப்பிள்ளைகளில் 5. மீதி 82 விழுக்காட்டினர் அப்படி ஆகவில்லை.