நீரிழிவும் கண்ணும்

நம் தேசத்தில் நீரிழிவு வியாதியுள்ளவர்களின் தொகை பத்துக் கோடியைத் தாண்டிவிட்டதென்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆதரவில் நடந்து 2023-ம் வருஷத்தில் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. இவ்வியாதி கண்ணையும் கெடுக்கும் என்பதை நோயாளி அறியாதிருப்பது வியப்பன்று. மாதந்தோறும் சர்க்கரையை அளந்து மருந்தெழுதித் தரும் வைத்தியர் அதைச் சொல்லாமலிருந்தால், அதற்கு என்ன சமாதானம் உண்டு?

விழித்திரையிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் பலமிழந்து புடைத்துக் கசிகின்றன. சில அடைபட்டுப் போகின்றன. அவற்றுக்கு ஈடாகப் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. உதவிக்கு வந்தவைபோல் தோன்றும் இவையே பின்னர் உடைந்து கண்ணை இரத்தத்தால் நிரப்புகின்றன. இவ்வளவும் ஆரம்பிக்கும் காலத்தில் நோவு இல்லை, பார்வையும் குன்றுவதில்லை. சம்மன் வராமலே ஜப்திக்கு ஆள் வந்து நிற்பது போன்ற வியாதி இது! ஆகவே, “கண் தெரிகிறதா?” என்று கேட்டு, “தெரிகிறது” என்ற பதிலோடு திருப்தியடைவது பரீட்சையாகாது. பாப்பாவை மருந்திட்டு விரித்து உள்ளே பார்க்க வேண்டும். அல்லது விழித்திரையைப் படமெடுக்க வேண்டும். பார்ப்பதற்குரிய கருவியை ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-லேயே வெளியிட்டுவிட்டார்.

எப்பொழுது பார்ப்பது? பெரியவர்களுக்குச் சாதாரணமாக வரும் நீரிழிவு, வெளிப்படுமுன் பல வருஷம் மறைந்திருக்கக்கூடும். ஆதலால் அது தெரிந்தவுடனேயே கண்ணைப் பார்த்துவிட வேண்டும், பிறகு வருஷந்தோறும். நீரிழிவுள்ள ஸ்திரீ கர்ப்பமுற்றால் தாமதமே கூடாது. இரத்த அழுத்தத்தையும் அடக்கியாக வேண்டும். சர்க்கரையை மட்டும் கவனிப்பது பாதி வைத்தியமே.

சிகிச்சை இல்லாத வியாதியானால் நாம் இவ்வளவு வற்புறுத்த மாட்டோம். லேசர் ஒளியால் சுடும் முறை கடும் பார்வையிழப்பைப் பாதிக்கு மேல் குறைப்பதாக அமெரிக்காவில் 1970-களில் நடந்த பெரும் பரிசோதனை காட்டிற்று. கண்ணுக்குள் போடும் ஊசி மருந்துகளும் இப்பொழுது உண்டு. ஆனால் இவை இருக்கும் பார்வையைக் காப்பதுபோல் போனதை மீட்பதில்லை.

இங்கிலாந்தில் 2003 முதல் நீரிழிவுக்காரர்களை வருஷந்தோறும் அழைத்து விழித்திரையைப் படமெடுக்கும் ஏற்பாடு பரவிற்று. உழைக்கும் வயதினரின் குருட்டுத்தன்மைக்கு அங்கே முதற் காரணமாயிருந்த இவ்வியாதி, அவ்விடத்தை இழந்துவிட்டதென 2014-ல் வெளியான ஆராய்ச்சி தெரிவித்தது. டாக்டர் வெங்கடசாமி 1976-ல் மதுரையில் ஸ்தாபித்த அரவிந்த் கண் மருத்துவமனையும், படத்தைத் தூரத்திலுள்ள நிபுணருக்கு அனுப்பி அபிப்பிராயம் பெறும் முறையைக் கையாண்டிருக்கிறது. ஆகவே கிராமத்து வைத்தியரும் நிபுணர் அருகில் இல்லையென்று சும்மா இருக்க வேண்டியதில்லை. மருந்துச் சீட்டில் சர்க்கரை அளவுக்குக் கீழே, கண் பார்த்த தேதி என்று ஒரு வரி அச்சிட்டு, அது காலியாயிருந்தால் நோயாளியை அன்றே கண் வைத்தியரிடம் அனுப்பலாம். இதற்குச் சர்க்காரின் உத்தரவு வேண்டியதில்லை.